ஆர்மோனியப் பலகை

ஒரு தகட்டை இரண்டு விரலுக்கு நடுவில் பிடித்தாலே அதன் கனத்தைச் சொல்லிவிடுவேன். ஒன்று புள்ளி ஆறு மில்லிமீட்டர், ஒன்று புள்ளி எட்டு என்று நான் சொன்ன பிறகு கருவி வைத்து அளந்தவர்கள், கருவியை விட்டுவிட்டு என்னைத்தான் பார்ப்பார்கள். படிப்பு மூன்றாம் வகுப்போடு சரி. ஓசூர் தொழிற்பேட்டைக்குள் லாரியிலிருந்து தகடு இறக்கும் கூலியாக நுழைந்தவன், அதே பேட்டையில் சொந்தமாக ஷெட் போட்டு ஏழு பவர் பிரஸ் ஓட்டினேன். பிரஸ் என்றதும் புத்தகம் அச்சடிப்பது என்று நினைத்துவிட வேண்டாம். மிதியை மிதித்தால் மேலிருந்து டன் கணக்கில் இரும்பு இறங்கி, கீழே இருக்கும் தகட்டை ஒரே அடியில் வெட்டும், வளைக்கும். நிமிடத்துக்கு நாற்பது அடி. ஏழு பிரஸ். தகர ஷெட். முப்பது வருடம்.

இந்தப் பெருமையை முதலிலேயே சொல்லிவிடுவதற்குக் காரணம் உண்டு. இதை நம்பித்தான் ஒரு டீச்சர், தன் வீட்டில் மிச்சமிருந்த ஒரே பலகையை என் பேச்சுக்கு விட்டுக் கொடுத்தார். அந்தப் பலகை போய்விட்டது. அதைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

ஷெட்டை மருமகன் கையில் கொடுத்துவிட்டு வீட்டில் உட்கார்ந்தபோது உடம்பில் எனக்கு ஒரு குறையும் இல்லை. எல்லாக் கதவுகளின் கீலையும் கழற்றி எண்ணெய் போட்டு மாட்டினேன். மிக்ஸியைப் பிரித்தேன். கிரைண்டரைப் பிரித்தேன். மூன்றாவது வாரம் என் மனைவி கையெடுத்துக் கும்பிட்டாள்.

"ஏங்க, ஃபிரிட்ஜ் மேல மட்டும் கை வெச்சிராதீங்க. அந்த பேட்மிண்டன் ஷெட்ல என்னமோ கிட்டார் செய்யறாங்களாம். போயி அவங்க உசுர எடுங்க."

கிட்டார் இல்லை, உகுலேலே. கிட்டாரைப் போலவே இருக்கும், ஆனால் சின்னது. நான்கே கம்பி. கைக்குழந்தையைப் போல முழங்கை மடிப்பில் அடங்கிவிடும். எங்கள் லே-அவுட்டில் இருக்கும் ஒரு என்ஜினீயர் ஆரம்பித்த சங்கம் அது. அவருக்கு வீட்டில் கன்னடம், கம்பெனியில் இங்கிலீஷ், எங்களிடம் எல்லாம் கலந்த தமிழ். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு எட்டுப் பேர் கூடுவோம். விற்பதற்கு இல்லை. அவரவருக்கு ஒன்று, அவரவர் கையால் செய்ய வேண்டும், அவ்வளவுதான். முகத்துக்குப் போடும் பலகை, வெளிநாட்டிலிருந்து மிஷின் வரும் பெட்டிகளை உடைத்து எடுத்தது. பின்பக்கமும் விலாவும் சில்வர் ஓக். இந்தப் பக்கம் ரோஜாத் தோட்டங்களின் வேலி ஓரமெல்லாம் அந்த மரம்தான். கம்பி ஏறி உட்காரும் சின்னத் துண்டு மாட்டு எலும்பு. குந்தாரப்பள்ளி சந்தைக்குப் போகிறவர் யாராவது வாங்கி வருவார். கம்பி, மீன் பிடிக்கிற நைலான்.

நான் போன இரண்டாம் மாதமே சங்கம் என் கைக்கு வந்துவிட்டது என்று சொன்னால் மிகையில்லை. விலாப் பலகையைச் சூடு பண்ணி வளைப்பதற்கு அவர்கள் மரக்கட்டையில் அச்சு வைத்திருந்தார்கள். நான் இரும்பில் செய்து கொடுத்தேன். ஒட்டும்போது இறுக்கிப் பிடிக்க நாற்பது கிளாம்ப், எல்லாம் என் ஷெட் கழிவுத் தகட்டில் அடித்தது. அந்தக் கிளாம்ப் இல்லாமல் அங்கே ஒரு பெட்டியும் ஒட்டியதில்லை. என் சட்டைப் பையில் எப்போதும் கனம் அளக்கிற ஒரு டயல் கேஜ் இருக்கும். யார் பலகையைக் கையில் எடுத்தாலும் நான் பக்கத்தில் போய்க் கனம் பார்த்துச் சொல்லுவேன். என்ஜினீயரே, "சார் ஒரு நடமாடும் இன்ஸ்பெக்‌ஷன் டிபார்ட்மெண்ட்" என்பார்.

ஆனால் உகுலேலே தகடு இல்லை. அங்கேதான் வந்தது வினை.

அந்தச் சங்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. முகப்பலகையை இழைத்து இழைத்து மெல்லிசாக்கிக்கொண்டே வருவோம். எவ்வளவு மெல்லிசு என்பதற்கு நம்பர் கிடையாது. பலகையின் ஓரத்தை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்துக்கொண்டு, நடுவில் விரல் முட்டியால் தட்ட வேண்டும். கனமாக இருந்தால் 'டொக்' என்று அடங்கிவிடுமாம். பதத்துக்கு வந்துவிட்டால் தட்டிய பிறகும் சத்தம் கொஞ்ச நேரம் நிற்குமாம், ஆலயமணி அடித்து ஓய்ந்த பிறகு நிற்பது மாதிரி. எல்லாரும் வட்டமாக உட்காருவோம். பலகை கைமாறி வரும். ஒவ்வொருவரும் தட்டிப் பார்த்து "ஆச்சு" அல்லது "இன்னும்" என்று சொல்ல வேண்டும். ஒரே ஒருவர் "இன்னும்" என்றாலும் பலகை மறுபடி இழைப்புளிக்குப் போகும். அத்தனை பேரும் "ஆச்சு" சொன்னால்தான் பெட்டியை மூடலாம். பெரிய ஆள் சின்ன ஆள் என்று பார்ப்பதில்லை. ஒரு ஆளுக்கு ஒரு வார்த்தை.

சத்தம் 'நிற்குமாம்' என்று எழுதுகிறேன், பாருங்கள். எனக்கு ஒரு பலகையும் நின்றதில்லை. தட்டுவது என் விரலுக்குத் தெரியும். அதன் பிறகு ஒன்றுமில்லை. எந்தப் பலகையாக இருந்தாலும் ஒரே மாதிரி, மூட்டை மேல் தட்டுவது போல.

இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. என்னிடமே சொல்லிக்கொள்ளவில்லை. வீட்டில் மனைவியின் குரல் வயசாகி அடங்கிவிட்டது என்று நினைத்தேன். டிவிக்காரர்கள் இப்போதெல்லாம் வாய்க்குள்ளேயே பேசுகிறார்கள் என்று திட்டினேன். மகள் ஒரு காது மிஷின் வாங்கி வந்தாள். அதைத் தொட்டுக்கூடப் பார்க்காமல் அலமாரியில் வைத்தேன். எதிரில் நின்று முகம் பார்த்துப் பேசினால் எனக்கு எல்லாம் விளங்கும். ஆண் குரல் நன்றாகவே கேட்கும். அப்புறம் என்ன?

வட்டத்தில் நான் எப்போதும் கடைசியில் உட்காருவேன். என் கைக்குப் பலகை வருவதற்குள் மற்ற முகங்களைப் பார்த்துவிடுவேன். என்ஜினீயர் தட்டிவிட்டுப் புருவம் தூக்கினால் ஆச்சு. மூக்கைச் சுளித்தால் இன்னும். நான் நிதானமாகத் தட்டி, கண்ணை மூடி, தலையைச் சாய்த்து, அவர்கள் சொன்னதையே சொல்லுவேன். "பெரியவர் காது பாருங்க, எங்க எல்லாருக்கும் ஒத்துப் போகுது" என்று ஒருமுறை யாரோ பாராட்டினார்கள். நான் சிரித்துக்கொண்டேன்.

வட்டத்தில் ஒருவன் மட்டும் வார்த்தை சொல்லவே மாட்டான். என் ஷெட்டில் மூன்றாம் நம்பர் பிரஸ்ஸில் பன்னிரண்டு வருடம் நின்றவன். அங்கிருந்து போன பிறகு தச்சு வேலை கற்றுக்கொண்டு, எனக்கு முன்பே சங்கத்துக்கு வந்து சேர்ந்திருந்தான். பலகை கைக்கு வந்ததும், ஓரத்தைத் தாடையில் வைத்து ஒருமுறை தட்டிப் பார்த்துவிட்டு, "எனக்குக் கேக்காதுபா, அடுத்த ஆளுக்குக் குடு" என்று நீட்டிவிடுவான். சாதாரணமாகச் சொல்லுவான், எனக்கு டீ வேண்டாம் என்கிற மாதிரி. எல்லாரும் அப்படியே எடுத்துக்கொண்டார்கள்.

அவன் காது எங்கே போனது என்று எனக்குத் தெரியும். தொழிற்சாலை இன்ஸ்பெக்டர் வருகிற அன்று மட்டும் ஆரஞ்சு நிற இயர் பிளக்குகளை என் பீரோவிலிருந்து எடுத்துக் கொடுப்பேன். அவர் வண்டி கேட்டைத் தாண்டியதும் திரும்ப வாங்கி எண்ணிப் பூட்டிவிடுவேன். காதை அடைத்துக்கொண்டால் அச்சு உடைகிற சத்தம் கேட்காது என்பது என் கட்சி. ஒருநாள் இவன் துணியைக் கிழித்து உருட்டிக் காதில் வைத்துக்கொண்டு நின்றான். "பொணத்துக்குத்தான்டா பஞ்சு வெப்பாங்க" என்று எல்லார் முன்னாலும் பிடுங்கிப் போட்டேன். ஷெட்டே சிரித்தது. நானும் அடைக்காமல்தான் நின்றேன், அவர்களோடு, அதே சத்தத்தில். அதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்வேன்: முதலாளி என்று கண்ணாடி ரூமில் உட்கார்ந்தவன் இல்லை நான்.

டீச்சர் எங்கள் தெருவுக்கு அடுத்த தெரு. பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவர் வீட்டுக்காரர் சர்ச்சில் ஆர்மோனியம் வாசித்து ஆட்களைப் பாட வைத்தவர்; இறந்து அப்போது ஆறு மாதம்கூட ஆகியிருக்கவில்லை. மழைக்காலத்தில் அந்த ஆர்மோனியத்தில் கரையான் ஏறிவிட்டது. பெட்டி, கட்டை, துருத்தி எல்லாம் போய், உள்ளிருந்த ஒரு பலகை மட்டும் தப்பியது. அறுபது எழுபது வருடத்துப் பழைய மரம், தேன் நிறம், எடுத்தால் காகிதம் போல எடையே இல்லை. அதைத் துணியில் சுற்றிக்கொண்டு சங்கத்துக்கு வந்தார்.

"இதுல ஒரு சின்ன வாத்தியம் செய்ய முடியுமாண்ணா? வருசம் திரும்பறப்ப சர்ச்ல ஒரு ஜெபம் வெக்கறோம். அவரு பாட்டு ஒண்ண இத வெச்சு நானே வாசிச்சுப் பாடணும். இந்த மரம் ஒரு தடவ அந்த ஆலயத்துல திரும்ப ஒலிச்சாப் போதும். அப்புறம் எப்படிப் போனாலும் போகட்டும்."

எல்லாரையும் விட்டு என்னைப் பார்த்துத்தான் கேட்டார். நானும், "என் கைல விடுங்க டீச்சர்" என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். "காலைல நடக்கப் போறப்போ அண்ணன் வாசிக்கறத ஜன்னலண்ட நின்னு எத்தினி நாள் கேட்டிருக்கறன்" என்றும் சொன்னேன். ஜன்னல் வழியாக அவர் கை அசைவதைப் பார்த்திருக்கிறேன், அது நிஜம். டீச்சருக்குக் கண் நிறைந்துவிட்டது. சங்கத்தில் வேறு யாரும் அந்த ஆர்மோனியத்தைக் கேட்டதில்லை.

நான்கு மாதம் அவர் வேலை செய்தார். அறுபது வயதுக்கு மேல் இழைப்புளி பிடிக்கக் கற்றுக்கொண்டார். கணக்கு நோட்டில் கோடு போடுகிற நேர்த்தி அவர் கையில் இருந்தது. பலகையை நடுவில் பிளந்து, புத்தகத்தைத் திறந்த மாதிரி இரண்டு பாதியையும் ஒட்டி, இழைத்து இழைத்து ஒரு ஞாயிற்றுக்கிழமை வட்டத்துக்குக் கொண்டு வந்தார்.

அன்றைக்கு ஆள் குறைவு. சானமாவுக் காட்டுப் பக்கம் யானைக் கூட்டம் ரோட்டை மறித்துக்கொண்டு நின்றதால் அந்த வழியாக வருகிற மூன்று பேர் வந்து சேரவில்லை. இன்னொருவர் ஊருக்குப் போயிருந்தார். என்ஜினீயர், டீச்சர், மூன்றாம் நம்பர்க்காரன், நான். பலகைக்குச் சொந்தக்காரர் வார்த்தை சொல்லக் கூடாது. மூன்றாம் நம்பர்க்காரன் சொல்ல மாட்டான். டீச்சர் பலகையை நேராக என்னிடம் நீட்டினார்.

"நீங்க மொதல்ல சொல்லுங்கண்ணா. அவர் வாசிச்சத கேட்டவரு நீங்கதான்."

பார்க்க முகம் இல்லை. தட்டினேன். மூட்டை. மறுபடி தட்டினேன். என்ஜினீயர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார், நான் என்ன சொல்லப்போகிறேன் என்று. அவருக்கு என் முகம், எனக்கு அவர் முகம். கை தானாகச் சட்டைப் பைக்குப் போயிற்று. டயல் கேஜை வைத்தேன். இரண்டு புள்ளி நான்கு.

என் பலகை ஒன்று புள்ளி எட்டில் எல்லாரிடமும் "ஆச்சு" வாங்கியது. அந்த நம்பர் எனக்கு மனப்பாடம். தகட்டுக்காரனுக்கு நம்பர் ஒன்றுதான் கடவுள். ஒரே வரைபடத்துக்கு ஒரே கனம். பத்தாயிரம் அடித்தாலும் மாறாது. ஆனால் என் பலகை பெட்டியை உடைத்த முரட்டு மரம். இது எழுபது வருடம் காய்ந்து, பஞ்சாகிப்போன மரம். ஒரு மரத்தின் நம்பர் இன்னொரு மரத்துக்கு ஆகாது என்பதற்காகத்தான் அந்தத் தட்டுகிற வழக்கமே இருக்கிறது. அதுகூட எனக்குத் தெரியாமல் இல்லை.

"இன்னும்," என்றேன். "ஆறு பாயிண்ட் எடுக்கணும்."

என்ஜினீயர் வாங்கித் தட்டினார். ஒருமுறை. காது பக்கத்தில் வைத்து இன்னொரு முறை. "சாக்கு சார், சாக்கு" என்றார். கன்னடத்தில் போதும் என்று அர்த்தம். "எனக்கு ஆயிடுச்சுன்னுதான் தோணுது. நல்லா ரிங் ஆகுது."

"உங்களுக்கு எத்தினி வருச சர்வீஸு?" என்று கேட்டேன். சிரித்துக்கொண்டேதான் கேட்டேன். "நான் தகட்ட தொட்டப்போ நீங்க பொறக்கவே இல்ல."

அவர் டீச்சரைப் பார்த்தார். டீச்சர் என்னைப் பார்த்தார். ஒரு "இன்னும்" வந்தால் பலகை இழைப்புளிக்குப் போக வேண்டும், அது சட்டம். போயிற்று. மூன்றாம் நம்பர்க்காரன் மட்டும் கையில் பிடித்திருந்த உளியை விட்டுவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அடுத்த ஞாயிறு இரண்டு புள்ளி ஒன்று. மறுபடியும் "இன்னும்" என்றேன். போன வாரம் சொன்னதை இந்த வாரம் மாற்றினால் என்ன நினைப்பார்கள்? அதற்கடுத்த ஞாயிறு ஒன்று புள்ளி எட்டு. "ஆச்சு." என்னைத் தொடர்ந்து எல்லாரும் சொன்னார்கள். என்ஜினீயர் கொஞ்சம் இழுத்துச் சொன்ன மாதிரி அவர் வாய் அசைந்தது.

பெட்டியை மூடிக் கம்பி கட்டிய அன்றைக்கு டீச்சர் முதல் ஆளாக அதை மார்போடு அணைத்துக்கொண்டு வாசித்தார். பாடினார். நான் எதிரில் உட்கார்ந்திருந்தேன். நான்கு கம்பியும் அதிர்வது கண்ணுக்குத் தெரிந்தது. மெல்லிய பலகை முதலில் நன்றாகவே பேசுமாம். எல்லார் முகமும் மலர்ந்திருந்தது. முடிந்ததும் டீச்சர் என் பக்கம் திரும்பினார். நான் எழுந்து நின்று சொன்னேன்:

"ஆர்மோனியமே திரும்பி வந்தமாரி இருக்குது டீச்சர். அண்ணன் வாசிச்ச அதே சத்தம்."

அவர் உகுலேலேயின் மேல் நெற்றியை வைத்துக்கொண்டு அழுதார். சந்தோஷமாக அழுதார். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஒரு மனுஷிக்கு இவ்வளவு கொடுத்தேனே என்று வீட்டுக்கு வந்து மனைவியிடம் இரண்டு தடவை சொன்னேன்.

நான்கு கம்பி இழுக்கிற இழுப்பு சின்னது இல்லை. ராத்திரி பகலாக இழுத்துக்கொண்டே இருக்கும். மூன்று வாரம் கழித்து டீச்சர் அதைக் குளித்த குழந்தையைப் போலத் துண்டில் சுற்றிக்கொண்டு வந்தார். ஜெபத்துக்குப் பதினோரு நாள் இருந்தது. கம்பி ஒட்டியிருக்கிற கட்டைக்கு முன்னால் பலகை குழி விழுந்திருந்தது. பின்னால் மேடு. நடு ஒட்டிலிருந்து விரல் நீளத்துக்கு விரிசல்.

"எங்கையிலதான் ஏதோ தப்பு," என்றார். "ஒரு பக்கம் கூட எடுத்துட்டனோ என்னவோ. எழுபது வருசம் நின்ன மரத்த நான் கெடுத்துட்டேன்."

என்ஜினீயர் உள்ளே சின்னக் கண்ணாடியும் டார்ச்சும் விட்டுப் பார்த்தார். "டாப் ரொம்ப மெல்லிசாயிடுச்சு மேடம்" என்றார். அவர் என்னைப் பார்க்கவில்லை. என் பக்கமே திரும்பவில்லை. ஒருமுறை பார்த்துத் திட்டியிருந்தால் அங்கேயே சொல்லியிருப்பேனோ என்னவோ. டீச்சர் "எங்கை, எங்கை" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். நான் கிளாம்ப்புகளைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தேன்.

பின்பலகையைப் பிரித்து, உள்ளே மூன்று குறுக்குச் சட்டம் வைத்து, விரிசலுக்குப் பசை விட்டு மூடினோம். பலகை நின்றது. மறுபடி கம்பி கட்டி டீச்சர் ஒரு தடவை மீட்டினார். ஒருவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். டீச்சர் இன்னொரு தடவை மீட்டாமல் கீழே வைத்துவிட்டார். அது ஊமையாகிவிட்டது என்று அவர்கள் முகத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். எனக்கு முன்பும் அப்படித்தான், பின்பும் அப்படித்தான்.

வெளியே டீக்கடையில் மூன்றாம் நம்பர்க்காரன் என் எதிரில் வந்து உட்கார்ந்தான். பக்கத்தில் உட்காரவில்லை. காது கேட்காதவர்கள் எதிரில்தான் உட்காருவோம்.

"மொதலாளி, இன்னும் எத்தினி நாளிக்கு?"

"எது?"

"கடைசில குந்தினு, அவங்க மூஞ்சப் பாத்துத் தலையாட்டறது. நானும் பத்து வருசம் அப்பிடித்தான் ஆட்டினு இருந்தன். எனக்குத் தெரியாதா?"

டீ டம்ளர் சுட்டது. கீழே வைத்தேன்.

"தெரிஞ்சினு ஏன்யா அன்னிக்கே சொல்லல? அந்தம்மா பலகை தப்பிச்சிருக்குமே."

அவன் டம்ளரைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தான். "சொல்லலாம்னுதான் வாயத் தொறந்தன்," என்றான். "பொணத்துக்குத்தான் பஞ்சுன்னு நீங்க சொன்னது ஞாபகம் வந்துச்சு. சரி, பெரிய மனுசனாச்சே, அவரே சொல்லுவாருன்னு வுட்டுட்டன். நானும் தப்புத்தான். அந்தம்மாவுக்கு நானும் தப்புப் பண்ணிட்டன்."

அவன் என்மேல் கோபப்பட்டிருந்தால் நான் பதிலுக்கு எகிறியிருப்பேன். எகிற எனக்குத் தெரியும். அவன் தன்னையும் சேர்த்துக்கொண்டதுதான் தாங்க முடியவில்லை. "அன்னிக்கு அந்தத் துணிய நான் புடுங்கியிருக்கக் கூடாது" என்றேன். அவனுக்கு என் உதடு புரிந்ததா என்று தெரியவில்லை. டீ ஆறிப்போச்சு என்று மட்டும் சொன்னான்.

ஜெபத்துக்கு இரண்டு நாள் முன்னால் டீச்சர் வீட்டுக்குப் போனேன். ஆர்மோனியம் இருந்த இடத்தில் தரையில் சதுரமாக ஒரு வெளிர் அடையாளம் இருந்தது. காபி கொடுத்தார். குடிக்காமல் சொல்லிவிட வேண்டும் என்று வைத்துக்கொண்டு போனதால் குடிக்கவில்லை.

"டீச்சர், எனக்குக் காது கேக்காது."

"வயசானா எல்லாருக்கும் அப்படித்தாண்ணா," என்று சிரித்தார்.

"அப்பிடி இல்ல. பலகையத் தட்டினா எனக்கு ஒண்ணும் வராது. எப்பவுமே வந்ததில்ல. உங்க பலக அன்னிக்கே ஆயிடுச்சு. நம்பரப் பாத்து நான்தான் இன்னும் இன்னும்னு சொன்னன். உங்க கைல ஒரு தப்பும் இல்ல. அதச் சொல்லத்தான் வந்தன்."

நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார். மின்விசிறி சுற்றியது. இத்தனை நாளாகச் சுமந்ததை இறக்கி வைத்த மாதிரி எனக்கு மூச்சு வந்தது. கொஞ்ச நேரம்தான். டீச்சர் முகத்தில் இன்னொரு கணக்கு ஓடிக்கொண்டிருப்பது தெரிந்தது. பள்ளிக்கூடத்தில் கடைசி பெஞ்சுக்குச் சொல்வார்களே, அந்த மாதிரி ஒவ்வொரு வார்த்தையாகப் பிரித்துக் கேட்டார்.

"அப்போ, கம்பி கட்டின அன்னைக்கு?"

காபி டம்ளரை மேஜையில் நகர்த்தி வைத்தேன்.

"ஆர்மோனியமே திரும்பி வந்த மாதிரி இருக்குன்னு சொன்னீங்களே. அவர் வாசிச்ச அதே சத்தம்னு. அதுவும் கேக்கலையா?"

"மத்தவங்கல்லாமும் நல்லா இருக்குன்னு சொன்னாங்களே டீச்சர்."

"அவங்க யாரும் அவர் வாசிச்சத கேட்டதில்லையே. நீங்க ஜன்னல்கிட்ட நின்னு கேட்டீங்கதான?"

கை அசைந்ததைப் பார்த்தேன் என்று சொன்னேன். அதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம். ஆனால் ஒன்றை உடைத்த பிறகு மிச்சத்தை மறைத்து வைக்க எனக்குத் தெரியவில்லை.

டீச்சர் கையை மடியில் வைத்துக்கொண்டார். நகத்தின் ஓரத்தில் பசை காய்ந்து ஒட்டியிருந்தது.

"என் பையனுக்கு ஃபோன் பண்ணி அதத்தான் சொன்னேன். அப்பா சத்தம் அப்படியே வந்துச்சுடா, கேட்டவரே சொல்றாருன்னு. பலகை வெடிச்சப்புறமும் நான் அழாம இருந்ததுக்கு அதான் காரணம். ஒரு தடவ வந்துருச்சில்ல, அது போதும்னு இருந்தேன்." நகத்துப் பசையைச் சுரண்டினார். "அதையாச்சும் எங்கிட்ட விட்டு வெச்சிருக்கலாமேண்ணா."

என் வாழ்க்கையில் எத்தனையோ பேர் என்னைத் திட்டியிருக்கிறார்கள். ஆர்டர் ரத்து பண்ணியிருக்கிறார்கள், கோர்ட்டுக்கு இழுத்திருக்கிறார்கள். எல்லாவற்றுக்கும் என்னிடம் ஒரு பதில் இருந்தது. எழுந்து கும்பிட்டுவிட்டு வந்தேன். காபி அப்படியே இருந்தது.

ஜெபத்துக்கு மனைவியோடு போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். அன்றைக்குக் காது மிஷினை மாட்டிக்கொண்டு போயிருந்தேன். மின்விசிறி, செருப்பு, இருமல், பிளாஸ்டிக் நாற்காலி எல்லாம் சேர்ந்து தகரத்தை இழுப்பது போல உள்ளே கொட்டியது. டீச்சர் முன்னால் போய் நின்றார். கையில் ஒன்றும் இல்லை. வெறுங்கையோடு பாடினார். வாய் திறந்து மூடுவது தெரிந்தது. தகரச் சத்தத்துக்குள் அவர் குரல் எது என்று தேடினேன். கிடைப்பதற்குள் எல்லாரும் எழுந்து நின்றுவிட்டார்கள்.

"நல்லாப் பாடினாங்களா?" என்று திரும்பும் வழியில் மனைவியைக் கேட்டேன்.

"நடுவுல நின்னுட்டாங்க," என்றாள். "அப்புறம் கூட இருக்கறவங்க பாடி முடிச்சாங்க."

டீச்சர் சங்கத்துக்கு வருவதில்லை. அந்த உகுலேலேயை அவர் வாங்கிக்கொண்டு போகவும் இல்லை. நான் அடித்த கிளாம்ப் ஒன்றில் மாட்டி பேட்மிண்டன் ஷெட் சுவரில் தொங்குகிறது. இறக்கி வைக்க யாருக்கும் மனசு வரவில்லை, எனக்கும்தான். சுவரைப் பார்க்காதபடி உட்காருவதற்கு ஒரு இடம் பழகிவிட்டது.

போன ஞாயிறு ஒரு பலகை வட்டத்தில் வந்தது. என் கைக்கு வந்தபோது, "எனக்குக் கேக்காது" என்றேன். மூன்றாம் நம்பர்க்காரன் சொல்வது போலச் சாதாரணமாகச் சொல்லிவிடலாம் என்று வீட்டில் நான்கைந்து தடவை சொல்லிப் பார்த்திருந்தேன். வாயிலிருந்து வந்தபோது அப்படி வரவில்லை. பலகையை மூன்றாம் நம்பர்க்காரனிடம் நீட்டினேன். அவன் வாங்காமல், தன் தாடையைத் தொட்டுக் காட்டி, வைத்துப் பார் என்பது போலத் தலையசைத்தான்.

ஓரத்தைத் தாடையில் வைத்துத் தட்டினேன். எலும்புக்குள் லேசாக ஒன்று நடுங்கியது. பதமா, பதமில்லையா, தெரியவில்லை. டயல் கேஜைத் தேடிக் கை சட்டைப் பைக்குப் போயிற்று. அதை நான் வீட்டிலேயே வைத்துவிட்டு வந்திருந்தேன்.